பதினேழாம் ஆணி

பைன் ஃபோர்க், மொன்டானா
நவம்பர் 12, 2012

வெர்னா,

உன் அண்ணன் ஆர்வில். இருபத்தாறு வருஷமாகப் பேசாதவன் இப்போது எதற்குக் கடிதம் போடுகிறான் என்று உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். எழுதுவது நான் இல்லை, தபால் ஆபீஸ் ட்ரூடி. நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். முடிந்ததும் இதைப் பெட்ரோல் பங்க் க்ளைடிடம் கொண்டுபோய் வாசிக்கச் சொல்லிக் கேட்பேன். நான் சொன்னதில் ஒரு சொல் மாறியிருந்தாலும் எனக்குத் தெரிந்துவிடும். எழுத்து தெரியாதவனுக்கு வேறு பூட்டு ஏது.

விஷயம் இதுதான். அடுத்த குளிர்காலத்திலிருந்து ஊர்க்காரர்கள் சொந்தப் பனிவண்டியில் தேசியப் பூங்காவுக்குள் போகக் கூடாதாம். வாடகை வழிகாட்டி இல்லாமல் ஒருத்தரையும் மேற்கு வாசலில் விடமாட்டார்களாம். அந்தப் புது விதியின் வரைவைத் தபால் ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். க்ளைட் எனக்கு வாசித்துக் காட்டினான். முதல் பக்கத்திலேயே காரணம் எழுதியிருக்கிறது. 1986 பிப்ரவரி 16ஆம் தேதி, வாசலில் எண்ணிக்கை பார்த்தவரின் கவனக்குறைவால் ஒருவர் உள்ளேயே விடப்பட்டுக் குளிரில் இறந்தார் என்று. பெயர் போடவில்லை. போட்டால் என்ன, போடாவிட்டால் என்ன. மேற்கு வாசலில் ஆணிப் பலகையில் தகடு மாட்டி எண்ணிக்கை பார்த்தவன் நான் ஒருத்தன்தான். செத்தவர் உன் புருஷன் கார்த். வரைவின் கீழே கையெழுத்து போட்டிருக்கிற குளிர்கால நுழைவு அதிகாரி கெலன் லிண்ட்ஹோம். உன் மகன்.

காலையில் பலகாரக் கடைக்குப் போனால் என் மேசைக்கு ஆள் வருவதில்லை. க்ளைட் முகத்துக்கு நேராகவே சொன்னான், "ஒரு ஆணிய ஒழுங்கா பாக்கத் தெரியாம ஊரையே வெளிய நிறுத்திட்டியேப்பா" என்று.

பிப்ரவரி 9ஆம் தேதி பள்ளிக்கூட விளையாட்டு அரங்கில் கருத்துக் கேட்கிறார்கள். நான் போய்ப் பேசப் போகிறேன். கார்த்தின் பதினேழாம் தகடு எப்படி என் கைக்கு வந்தது என்று சொல்லப் போகிறேன். உனக்கு முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்று தோன்றியது. சொல்லிவிட்டேன்.

ஆர்வில்


எல்கோ, நெவாடா
நவம்பர் 27, 2012

அண்ணா,

ட்ரூடி, உனக்கும் வணக்கம். இதை அவருக்கு வாசிப்பது நீதானே. ஊர் முழுக்கப் பரவ எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும், அதற்கு ஏற்றபடிதான் எழுதுகிறேன்.

உன்னை யார் கிளப்பிவிட்டது? பனிவண்டிக் கிளப்காரர்களா? வரைவு எழுதிய அதிகாரியின் தாய்மாமனையே அவனுக்கு எதிராக மேடையேற்றினால் வேடிக்கையாக இருக்கும் என்று க்ளைடுக்குத் தோன்றியிருக்கும். இருபத்தாறு வருஷம் காணாமல் போயிருந்த ஞாபகம், வாசலை மூடப் போகிறார்கள் என்றதும் திரும்பி வருகிறது. கேட்கிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசித்துப் பார்.

கார்த் இறந்ததைப் பற்றிய விசாரணையில் நீ சொன்னதை நான் இரண்டாம் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். பதினேழைக் கொண்டுவந்தது யார் என்று மூன்று முறை கேட்டார்கள். மூன்று முறையும் ஞாபகம் இல்லை என்றாய். சீக்கிரம் வீட்டுக்குப் போவதற்காக நீயே தகடை ஆணியில் மாட்டிவிட்டாய் என்று அவர்கள் தீர்மானித்தார்கள். நீ மறுக்கவில்லை.

அந்த வாரம் நீயும் கார்த்தும் பேச்சுவார்த்தையில் இல்லை என்பதையும் நான் மறக்கவில்லை. நீ இரவல் கொடுத்த, பனிவண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் சறுக்குப் பலகையை அவர் உடைத்துவிட்டார் என்று கோபம் உனக்கு.

கெலனுக்கு அப்போது ஏழு வயது. அப்பாவை ஒருத்தர் எண்ணாமல் விட்டுவிட்டார் என்று கேட்டு வளர்ந்தவன். அதனால்தான் அந்த வேலைக்கே போனான். அவனிடமிருந்து அதைப் பிடுங்காதே. கூட்டத்துக்குப் போகாதே.

வெர்னா


பைன் ஃபோர்க்
டிசம்பர் 8, 2012

வெர்னா,

உன் கடிதத்தை ட்ரூடி ஒரு தடவை வாசித்தாள், க்ளைட் ஒரு தடவை வாசித்தான். இரண்டும் ஒத்துப்போயின. தன்னைப் பற்றிய வரியை மட்டும் க்ளைட் விழுங்கிவிட்டான்.

(எழுதுகிறவள் குறிப்பு: நான் எதையும் விழுங்கவில்லை, பரப்பவும் இல்லை. ட்ரூடி.)

என் ஞாபகம் எங்கும் போகவில்லை. கேள். அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தெட்டு. காற்றே இல்லை, அதனால் வண்டிப் புகை வாசலிலேயே தேங்கி நின்றது. எனக்குக் கண்ணெரிச்சல். உள்ளே போனவை தொண்ணூற்று நான்கு வண்டிகள். மற்ற வாசல்களில் பதிவேட்டில் எழுதினார்கள். எனக்கு எழுத வராது, எண் மட்டும் தெரியும் என்பதால் நானே பலகை அறுத்து, நூற்று இருபது ஆணி அடித்து, பித்தளைத் தகடுகளில் எண் குத்தி வைத்திருந்தேன். உள்ளே போகிறவர் தகடை எடுத்துக்கொண்டு போவார். வெளியே வரும்போது கையில் கொடுப்பார். ஆணி நிறைந்தால் எல்லாரும் வந்தாயிற்று, வாசலைப் பூட்டலாம். ஓர் ஆணி காலியாக இருந்தாலும் காவலர்களுக்குச் சொல்லித் தேட ஆள் அனுப்புவேன். பதினொரு குளிர்காலத்தில் ஒன்பது பேரை அப்படித் தேடி எடுத்திருக்கிறோம். ஒரே விதிதான் வைத்திருந்தேன். ஒரு கை, ஒரு தகடு. இன்னொருத்தர் தகடை யாரும் கொண்டுவரக் கூடாது.

வருகிறவர்கள் முகமெல்லாம் ஹெல்மெட்டுக்குள் இருக்கும். அதனால் எனக்குக் கைதான் அடையாளம். அன்று வந்த எல்லாக் கையுறையையும் இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். நாலரை மணிக்கு ஒரு கை என் முன்னால் நீண்டது. கம்பளிக் கையுறை. அதில் இரண்டு தகடு இருந்தது. பதினாறும் பதினேழும்.

கையுறையின் நிறத்தை நான் இங்கே சொல்லப்போவதில்லை. ட்ரூடி பேனாவைத் தாளிலிருந்து எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எழுத்தறியாதவன் ரகசியக் கடிதம் எழுத முடியாது என்பது உனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் என்மேலேயே குற்றம் சுமத்துகிறாயோ என்று எனக்குச் சந்தேகம்.

ஞாபகம் இல்லை என்று ஏன் மூன்று முறை சொன்னேன்? ஊரில் எந்தக் கன்று எந்தத் தேதியில் பிறந்தது என்று என்னைத்தானே கேட்பார்கள். அப்படிப்பட்டவன் மறந்துவிட்டேன் என்றதும் அந்த அறையில் ஒருத்தர் சிரித்தார். சிரித்தவர் யார் என்பதும் ஞாபகம் இருக்கிறது.

ஆர்வில்


எல்கோ
டிசம்பர் 20, 2012

அண்ணா,

நான் அன்று தலைவலி என்று மத்தியானமே திரும்பிவிட்டேன். விசாரணையில் அப்படித்தான் சொன்னேன், அதுதான் எழுத்தில் இருக்கிறது.

நீ என்னைக் காப்பாற்றியதாக நினைத்துக்கொண்டிருக்கிறாயா? எனக்கு அப்படித் தெரியவில்லை. நீ எதையோ கையில் வைத்துக்கொண்டு இருபத்தாறு வருஷம் என்னைக் காக்க வைத்ததாகத்தான் தெரிகிறது. என்றாவது ஒரு நாள் எடுத்து நீட்டுவாய் என்று ஒவ்வொரு குளிர்காலமும் நினைப்பேன். பனியே விழாத ஊராகப் பார்த்து வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். அப்படியும் இங்கே பனி விழுகிறது.

கிறிஸ்துமஸுக்குக் கெலன் வருகிறான். வரைவைப் பற்றிப் பேசாமல் சாப்பிட முடியுமா என்று பார்க்கிறேன்.

வேண்டுமானால் கேட்டுவிடு. என்ன வேண்டும் உனக்கு?

வெர்னா


பைன் ஃபோர்க்
ஜனவரி 5, 2013

வெர்னா,

என்ன வேண்டும் என்று கேட்டாய். ஒரு கேள்விக்குப் பதில் வேண்டும். பேரைச் சொல்லாமல் கேட்கிறேன்.

அந்தக் கை பதினேழை நீட்டியபோது, பின்னால் வருகிறவர் வண்டியில் ஸ்பார்க் பிளக் ஈரம், நிறுத்தினால் எஞ்சின் அணைந்துவிடும், அதனால் நிற்காமல் போவார் என்று சொன்னது. அதே நேரம் ஒரு கறுப்பு வண்டி நிற்காமல் தாண்டிப் போனது. அதுதான் கார்த் என்று நம்பி மாட்டிவிட்டேன். அது அவர் இல்லை, தகடு தேவைப்படாத காவலர் வண்டி என்று பிறகுதான் தெரிந்தது. அப்படியானால் அந்தக் கைக்குத் தெரியும், அவர் இன்னும் உள்ளே இருக்கிறார் என்று. தெரிந்தே கொடுத்தது. ஏன்? ஒரு மனிதனை எண்ணிக்கையிலிருந்து எடுத்துவிட்டால் அவனை யாரும் தேட மாட்டார்கள். அதற்காகவா?

இந்த ஒரு கேள்வியோடு நான் கிழவனாகிவிட்டேன். அந்த வருஷ முன்பனிக்காலத்தில் அவர் உன்னிடம் குரல் உயர்த்திப் பேசியதை இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். தேதிகூடச் சொல்வேன். அதனால்தான் இந்தக் கேள்வி போகவே மாட்டேன் என்கிறது.

எழுத்தில் கருத்து அனுப்ப முடியாதவர்களிடம் பூங்கா அலுவலகத்திலிருந்தே ஆள் வந்து வாக்குமூலம் எழுதிக்கொள்வார்களாம். ட்ரூடி விண்ணப்பம் போட்டுவிட்டாள். வருகிறவர் யாராக இருந்தாலும் கையுறையின் நிறத்தைச் சொல்லிவிடுவேன்.

ஆர்வில்


எல்கோ
ஜனவரி 15, 2013

அண்ணா,

உறைக்குள் செய்தித்தாளில் சுற்றி வைத்திருந்தது வந்து சேர்ந்தது. ட்ரூடிக்குத் தெரியாமல் எப்போது உள்ளே போட்டாய் என்று தெரியவில்லை. வேலையை விட்டு அனுப்பிய அன்று பலகையிலிருந்து பதினேழாம் தகடைத் திருடிக்கொண்டு போனாய் என்று சொன்னார்கள். நான் அப்போது நம்பவில்லை. சமையலறை மேசையில் வைத்திருக்கிறேன். அதன் மேல் காப்பிக் கோப்பையைக்கூட வைக்க முடியவில்லை.

வாக்குமூலம் எழுத வருவது கெலன். ஜனவரி 30, புதன்கிழமை. உன் பெயரைப் பார்த்து அவனே அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டானாம். எனக்குப் போனில் சொன்னான். குரல் நன்றாக இல்லை.

அதற்குமுன் யாரிடமும் எதுவும் சொல்லாதே.

வெர்னா


பைன் ஃபோர்க்
ஜனவரி 21, 2013

வெர்னா,

இப்போது புரிகிறது. என் வாயை அடைக்க உன் மகனையே அனுப்புகிறாய். அவன் முகத்தைப் பார்த்தால் எனக்குச் சொல்ல வராது என்று கணக்குப் போட்டிருக்கிறாய். அவன் அப்படியே கார்த் ஜாடை என்று க்ளைட் சொல்கிறான்.

வரட்டும். நான் கேட்ட கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை.

ஆர்வில்


எல்கோ
ஜனவரி 25, 2013

கெலன், உறையைப் பிரித்தவன் நீ. மாமா வீட்டுக்குப் போய்த்தான் பிரிக்க வேண்டும் என்று மேலே எழுதியிருந்தேன். அப்படியே செய்திருப்பாய். இது அவருக்கு எழுதிய கடிதம். அவருக்குப் படிக்கத் தெரியாது. அதை உனக்கு நான் சொன்னதில்லை. அவருக்கு எதிரில் உட்கார்ந்து, சத்தமாக, கடைசிவரை வாசி.

அண்ணா,

சிவப்புக் கையுறை. கட்டைவிரலில் பச்சை நூலால் ஒட்டுத் தைத்தது. என்னுடையது.

கார்த் அதற்கு முந்தின வசந்தத்தில் பொறுக்கிய, எல்க் மான்கள் உதிர்த்த கொம்புகளை ஓடைக்கு அந்தப் பக்கம் ஒளித்து வைத்திருந்தார். பூங்காவுக்குள் கொம்பு எடுப்பது குற்றம். அன்றைக்கு அதை எடுத்து, மின்கம்பி போகும் பாதை வழியாக வாசலைத் தொடாமல் வெளியேறப் பார்த்தார். அவர் பயந்தது காவலர்களுக்கு இல்லை. உனக்குத்தான். "ஆணி காலியா இருந்தா உங்கண்ணன் விடமாட்டான், படையைத் திரட்டிக்கிட்டு வந்துடுவான். என் தகடையும் சேத்துக் குடுத்துடு. ரெண்டு மணி நேரத்துல வீட்ல இருப்பேன்" என்றார்.

காலையிலிருந்து நாங்கள் சண்டை. நான் பேசாமல் கையை நீட்டினேன். அவர் தகடை வைத்தார். ஜாக்கிரதையாக வா என்றுகூடச் சொல்லவில்லை. உன் கேள்விக்குப் பதில் அதுதான், அண்ணா. அவர் சாக வேண்டும் என்று நான் நினைக்கவில்லை. எப்போது வந்தால் என்ன என்று நினைத்தேன்.

இரண்டு மணி நேரம் போனது. போன் சுவரில்தான் இருந்தது. எடுத்தால் தகடு எப்படி வந்தது என்று கேட்பார்கள், கொம்பு வெளியே வரும், அபராதம், அவருக்குச் சிறைகூட இருக்கலாம். காவலர்களின் மரக்குடிசையில் தங்கியிருப்பார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் காலை ஒன்பது மணிக்குத்தான் எடுத்தேன். ஓடைப் பனி உடைந்து வண்டி இறங்கியிருந்தது. கொம்பு இருந்த இடத்துக்கு அவர் போய்ச் சேரவே இல்லை, அதனால் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. விடியும் வரைக்கும் உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் என்னிடம் தனியாகச் சொன்னார். இதை நான் ஒருவரிடமும் சொன்னதில்லை.

நீ ஞாபகம் இல்லை என்று சொன்னபோது இரண்டாம் வரிசையிலிருந்து உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. ஒரு தடவை பார்த்திருந்தால் எழுந்து சொல்லியிருப்பேனோ என்னவோ. உன்மேல் எனக்கு இருந்தது கோபம் இல்லை. உன் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் என் கை தெரிந்தது, அதுதான்.

உன் வாயை அடைக்க மகனை அனுப்புகிறேன் என்று எழுதியிருந்தாய். அவனிடம் நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கிறிஸ்துமஸ் அன்று மூன்று தடவை முயன்றேன். உன் வீட்டில், உன் எதிரில், அவன் குரலாலேயே அவன் தெரிந்துகொள்ளட்டும் என்று இதை எழுதினேன். சொன்னது ஒரு சொல் குறையாமல் வருகிறதா என்று சரிபார்க்க உன்னைவிட ஆள் கிடையாது.

கெலன், இங்கே நிறுத்தாதே. தகடு உறைக்குள் இருக்கிறது. அதை என்ன செய்வது என்று நீங்கள் இருவரும் முடிவு செய்யுங்கள்.

வெர்னா


பைன் ஃபோர்க்
பிப்ரவரி 11, 2013

வெர்னா,

ட்ரூடிக்கு இன்று வேலை இல்லை. எழுதுவது உன் மகன்.

அன்று நீ நிறுத்தாதே என்ற இடத்தில் அவன் நிறுத்தவில்லை. அதற்கு முன்னாலேயே, போன் சுவரில் இருந்தது என்ற வரியில் நின்றுவிட்டான். நான் காப்பி ஊற்றி வைத்தேன். குடிக்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே வண்டிகள் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அதே வரியிலிருந்து தொடங்கி கடைசிவரை வாசித்தான்.

என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான். "ஒரு கை ஒரு தகடுன்னு விதி வெச்சது நீங்கதான மாமா. அப்புறம் ஏன் ரெண்டையும் வாங்குனீங்க?"

இருபத்தாறு வருஷத்தில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி. விசாரணையில் யார் கொடுத்தது என்றுதான் கேட்டார்கள். நான் ஏன் வாங்கினேன் என்று கேட்கவில்லை. நானும் உன் கையையே பார்த்துக்கொண்டிருந்ததில் என் கையைப் பார்க்க மறந்துவிட்டேன். "உங்கம்மா கை நடுங்குச்சு, குளிர்ல நிக்க வெக்க மனசு வரல" என்றேன். வேறு யாராவது இரண்டு தகடு நீட்டியிருந்தால், அந்தக் கறுப்பு வண்டியைத் துரத்திப் பிடித்து ஹெல்மெட்டைக் கழற்றச் சொல்லியிருப்பேன். வரைவில் கவனக்குறைவு என்று எழுதியிருந்ததே, அது முழுப் பொய் இல்லை.

சனிக்கிழமை கூட்டத்தில் அதைத்தான் சொன்னேன். ஒரே கையிலிருந்து இரண்டு தகடு வாங்கினேன், அது என் தப்பு என்று. கிளப்காரர்கள் முதல் வரிசையில் இருந்தார்கள். யார் கை என்று க்ளைட் எழுந்து கேட்டான். நான் சொல்வதா வேண்டாமா என்று யோசிப்பதற்குள் மேடையிலிருந்து பதில் வந்தது. "எங்கம்மாவோடது. குடுத்து அனுப்புனது எங்கப்பா." அவ்வளவுதான் சொன்னான். வரைவில் இருந்த கவனக்குறைவுப் பத்தியைப் பேனாவால் அடித்துவிட்டுக் கூட்டத்தைத் தொடர்ந்தான்.

வாசல் என்னாகும் என்று தெரியாது. ஊர்க்காரர்கள் குலுக்கலில் நாளுக்கு ஐந்து வண்டி போகலாம், ஆனால் ஒவ்வொருவரும் வாசலில் நின்று தன் கையால்தான் தகடு கொடுக்க வேண்டும், இன்னொருத்தர் தகடைக் கொண்டுவந்தால் இருவருக்கும் அனுமதி போய்விடும் என்று மாற்றி எழுதி மேலே அனுப்பியிருக்கிறான். மேலே இருப்பவர்கள் வசந்தத்தில் முடிவு சொல்வார்களாம். அவர்களை நான் நம்பவில்லை. க்ளைட் இன்று காலை என் மேசைக்கு வந்தான். காப்பி வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான்.

தகடைப் பற்றி எங்களை முடிவு செய்யச் சொல்லியிருந்தாய். என் பழைய ஆணிப் பலகையை அரங்கில் சாத்தி வைத்திருந்தார்கள். பதினேழாம் ஆணியில் மாட்டிவிடலாமா மாமா என்று கேட்டான். வேண்டாம் என்றேன். எடுத்துக்கொண்டு போன கார்த்தின் கைதான் திருப்பிக் கொடுக்க வேண்டும். அந்தக் கை வரவில்லை. ஆணி காலியாகவே இருக்கட்டும். இனிமேலாவது பலகை உண்மையைச் சொல்லட்டும். தகடு அவன் சட்டைப் பையில் இருக்கிறது.

நான் சொல்ல வேண்டியது முடிந்துவிட்டது. ஆனால் சற்று முன் அவன் இதை நிறுத்திவிட்டு இன்னொரு தாளை எடுத்து ஏதோ எழுதினான். நான் எதுவும் சொல்லாமலேயே பேனா ஓடியது. என்ன என்று கேட்டேன். "அது அம்மாவுக்கு மாமா" என்றான். இரண்டாக மடித்து உறைக்குள் வைத்தான். நல்லதாக எழுதினானா, கெட்டதாக எழுதினானா, அவன் முகத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை.

இந்தக் கடிதத்தை க்ளைடிடம் கொண்டுபோகப் போவதில்லை. உறையை நானே ஒட்டுகிறேன்.

அண்ணன்
ஆர்வில்